அரக்கும் பாசியும்

என் கண்ணைப் பற்றித் தெரிந்தவர்கள் என்னைப் பார்த்ததும் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். கைக்கு அகப்பட்டதை எடுத்து என் மூக்குக்கு நேராக நீட்டுவார்கள். பேனா மூடி, பழைய பஸ் டிக்கெட், பெற்ற பிள்ளையின் சட்டைக் காலர், எதுவானாலும் சரி. "இது என்ன கலரு, சொல்லு பாப்பம்." சரியாகச் சொல்லிவிட்டால், "பொறவென்ன, நல்லாத்தான தெரியுது" என்பார்கள். தப்பாகச் சொன்னால் சிரித்துவிட்டு அடுத்ததை நீட்டுவார்கள். காலை இழுத்து நடப்பவரிடம் ஓடிக் காட்டுங்கள் என்று கேட்கிற துணிச்சல் யாருக்கும் வராது. என்னிடம் மட்டும் எல்லோருக்கும் வருகிறது. அந்தக் கேள்வி காதில் விழுந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நிறமே தெரியாதவன் இல்லை நான். வானம் நீலம், செவ்வந்தி மஞ்சள், அதிலெல்லாம் சந்தேகமே கிடையாது. சிவப்பும் பச்சையும், அவற்றின் சொந்தபந்தங்களும்தான் எனக்குள் கலந்து கிடக்கின்றன. அரக்கும் பாசிப்பச்சையும் எனக்கு ஒரே துணியில் கிழித்த இரண்டு துண்டுகள்.

இது எனக்கே ரொம்ப நாள் தெரியாது. பள்ளிக்கூடத்துக் கலர் பென்சிலில் பெயர் அச்சடித்திருந்தது, அதைப் படித்துப் படித்தே ஒப்பேற்றிவிட்டேன். தென்காசி ஸ்டேஷனில் செங்கோட்டை வண்டியைப் பார்த்தே வளர்ந்தவன். ரயில் ஓட்டுகிற வேலையைத் தவிர வேறெதற்கும் மனுப்போட்டதில்லை. பரீட்சை எழுதித் தேறி, மருத்துவப் பரிசோதனைக்குப் போன இடத்தில் புள்ளி புள்ளியாக அச்சடித்த ஒரு புத்தகத்தை விரித்து, "என்ன நம்பர் தெரியுது?" என்று கேட்டார்கள். "நம்பரா? புள்ளிதான் சார் இருக்கு" என்றேன். பக்கத்தைப் புரட்டினார்கள். அதிலும் புள்ளிதான். எனக்குப் பின்னால் நின்றவன் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து ஒரு நம்பரை முணுமுணுத்தான். பாவம், உதவி செய்கிறானாம். அவனுக்குத் தெரிவது எனக்குத் தெரியவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

நம்ப மனமில்லாமல் பாளையங்கோட்டையில் ஒரு கண் டாக்டரிடம் போனேன். அவர் ஒரு மரப்பெட்டியைத் திறந்து, வட்ட வட்டமான நிற வில்லைகளை மேஜையில் பரப்பினார். முதல் வில்லை மட்டும் பெட்டியிலேயே ஒட்டியிருந்தது. "இதுக்கு ரொம்பக் கிட்ட இருக்கிற கலர் எதுவோ அதை அடுத்து வைங்க. அதுக்குக் கிட்ட இருக்கிறதை அதுக்கு அடுத்து. அவசரமில்ல" என்றார். ஒன்றோடொன்றை ஒட்டிப் பார்த்து நிதானமாக அடுக்கினேன். முடித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. ஒரு நிறம் அடுத்த நிறத்துக்குள் நழுவிப் போவதுபோல் அத்தனை சீராக அமைந்திருந்தது.

டாக்டர் பெட்டியைக் கவிழ்த்துத் திறந்தார். வில்லைகளின் முதுகில் எண்கள் இருந்தன. அவை முன்னும் பின்னுமாகத் தாவிக் கிடந்தன. ஒரு தாளில் வட்டமாக எண்கள் போட்டிருந்தது. நான் அடுக்கிய வரிசைப்படி அவற்றைக் கோட்டால் இணைத்துக் காட்டினார். எல்லோருடைய கோடும் வட்டத்தின் ஓரமாகவே சுற்றி வருமாம். என் கோடு இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் குறுக்கே போய்ப் போய் வந்தது. "பிறவியிலேயே உள்ளது. மருந்து கிடையாது. அம்மா வழியா வரும். அவங்க கண்ணு நல்லாத்தான் இருக்கும், ஆம்பளப் பிள்ளைக்கு இறங்கிரும்" என்றார். நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னளவில் நான் ஒரு தப்பும் செய்யவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி கமிஷன் கடை வைத்திருப்பவர். அடுப்படிக் கூடையிலிருந்து ஒரு தக்காளியை எடுத்து நீட்டினார்.

"ஏலே, இது என்ன கலரு?"

"சிவப்பு."

"இந்தக் கருவேப்பில?"

"பச்சை."

"பொறவு என்னலே கத வுடுத?"

தக்காளி சிவப்பு என்பது எனக்குக் கண்ணால் தெரிந்ததல்ல, காதால் தெரிந்தது. அதை அவருக்கு எப்படி விளங்க வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. வேலைக்குப் போகப் பயந்துகொண்டு சாக்குச் சொல்கிறேன் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அம்மா அப்போது வாயே திறக்கவில்லை. அப்பா வெளியே போனதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏய்யா, இத வெளிய யாருட்டயும் சொல்லிராத. தங்கச்சிக்கு மாப்பிள்ள பாக்குத நேரம். கண்ணுல கொற உள்ள குடும்பம்னு பேராயிரும். அவ கல்யாணம் முடியட்டும்."

சரி என்றேன். ரயிலில் இடம் இல்லையாம் என்று ஊருக்குச் சொன்னோம். அடுத்த வாரமே அப்பா என்னைக் கடைக்கு அழைத்துப் போய், படித்தவன் கண் கூர்மையாக இருக்கும் என்று சொல்லி, தக்காளி பிரிக்கிற இடத்தில் உட்கார வைத்தார். உலகத்தில் எத்தனையோ சோலி இருக்க, எனக்கென்று வந்து வாய்த்தது அது.

தக்காளி பிரிப்பது முழுக்க முழுக்க நிறத்தை வைத்துத்தான். பச்சையாக இருப்பது காய், அது பழுக்கக் கிடக்க வேண்டும். முழுக்கச் சிவந்தது பழம், உள்ளூர்க் கடைகளுக்கு அன்றன்றே போய்விடும். இரண்டுக்கும் நடுவில், சிவப்பு ஏற ஆரம்பித்திருப்பது செங்காய். அதுதான் கேரளா லோடு. மலை ஏறி இறங்கிக் கொல்லம் போய்ச் சேரும்போது பதமாகப் பழுத்திருக்கும். அந்தச் சிவப்பு ஏறுவது எல்லோருக்கும் தெரியும், எனக்குத் தெரியாது. பிரிக்கிற பெண்கள் இரண்டு பேர் எனக்கு எதிரே உட்காருவார்கள். அவர்கள் கை எந்தப் பெட்டிக்குப் போகிறது என்று பார்த்து, அதே மாதிரி ஒன்றைத் தேடி எடுத்து, அதே பெட்டியில் போடுவேன். அவர்கள் டீ குடிக்க எழுந்தால் எனக்கும் அப்போதுதான் தலைவலிக்கும். காலையில் போய் உட்கார்ந்தால் சாயங்காலம் எழுந்திருக்கும்வரை யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பேன். தூரத்தில் செங்கோட்டை வண்டி கூவிக்கொண்டு போகும். நான் தக்காளியைக் கையில் உருட்டிக்கொண்டிருப்பேன்.

கேரளா லோடை ஏற்றிப்போவது என் தாய்மாமா. அம்மாவின் தம்பி. கல்யாணம் வேண்டாமென்று லாரியைக் கட்டிக்கொண்டவர். எப்போதும் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. லாரி டிரைவருக்கு எதற்கு இந்த மிடுக்கு என்று மார்க்கெட்டே கேலி செய்யும். அவர் பெட்டிகளை ஏற்றுமுன் தக்காளியைப் பார்க்கவே மாட்டார். முகத்தை எங்கேயோ வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் லேசாக அமுக்கி, காம்புப் பக்கம் முகர்ந்து, "இது தாங்காது, எடு" என்பார். தப்பியதே இல்லை.

"ஒன் மாமனப் பாருலே" என்பார் அப்பா. "கண்ண மூடிட்டுச் சொல்லுதான். நீ கண்ணத் தொறந்து வச்சுக்கிட்டே கோட்டி பிடிச்சவன் மாதிரி இருக்க." மாமா சிரித்துக்கொண்டே, "கவனம் வேணும் மருமவனே" என்பார். எனக்கு அவரைப் பிடிக்காமல் போனது அந்தச் சிரிப்பினால்தான்.

அந்த வருஷம் தங்கச்சிக்குச் சுரண்டைப் பக்கம் ஒரு இடம் அமைந்தது. கல்யாணத்துக்குமுன் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று அப்பா பெயிண்ட் கடையிலிருந்து ஒரு ஷேடு கார்டு வாங்கி வந்தார். விரித்தால் மேஜை நிறைய வரிசை வரிசையாகக் கட்டங்கள். அதைப் பார்த்ததும் எனக்கு டாக்டரின் வில்லைகள் ஞாபகம் வந்தன. கண்ணைத் திருத்த முடியாது, மற்றவர்கள் எதை எதோடு சேர்க்கிறார்கள் என்று மனப்பாடம் செய்யலாமே என்று தோன்றியது. என் விஷயத்தை நம்பிய ஒரே ஆள் தங்கச்சி. அவளிடம் சொல்லிக் கட்டங்களைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றின் முதுகிலும் நிறத்தின் பெயரை எழுதித் தரச் சொன்னேன்.

அதற்குப் பிறகு சட்டைப் பையில் அந்தத் துண்டுகள் இல்லாமல் நான் வெளியே போனதில்லை. டீக்கடையில், பஸ்ஸில், மார்க்கெட்டில், யார் கிடைத்தாலும் மூன்று துண்டுகளை எடுத்து வைப்பேன். "வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கணும் அண்ணாச்சி. இதுல எது ரெண்டும் ஒண்ணுபோல இருக்கு, எது தனியா நிக்கிது?" வீட்டுக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று கேட்டால் நம் ஊரில் சொல்லாதவர் உண்டா? வேலையைப் போட்டுவிட்டு வந்து சொன்னார்கள். கேட்காத யோசனையும் சொன்னார்கள்.

அப்போது ஒன்று கண்டுபிடித்தேன். பிற்பாடு என்னைப் பரீட்சை வைத்த இவர்களுக்குள்ளேயே ஒத்துப்போவதில்லை. மயில்கழுத்து நிறத்தை நீலத்தோடு சேர்ப்பதா பச்சையோடு சேர்ப்பதா என்று டீக்கடைக்காரரும் வாழைக்காய் வியாபாரி ஒருவரும் சண்டையே போட்டார்கள். "அது பச்சைல்லா!" "ஒமக்குக் கண்ணு இருக்கா வேய்? நீலம்!" போட்ட டீயை ஆறவிட்டுக் கத்தினார்கள். ஆரஞ்சு எங்கே முடிந்து சிவப்பு எங்கே தொடங்குகிறது என்பதிலும் ஆளுக்கு ஒரு கணக்கு. கத்தரிப்பூ நிறத்தைப் பெண்கள் ஒரு மாதிரியும் ஆண்கள் ஒரு மாதிரியும் சேர்த்தார்கள். இதற்கெல்லாம் குறை என்று யாரும் பேர் வைக்கவில்லை. கொஞ்ச நேரம் எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது.

ஆனால் ஒரு மூன்று மட்டும் இருந்தது. அரக்கு, பாசிப்பச்சை, கிளிப்பச்சை. யாரைக் கேட்டாலும், யோசிக்காமல், இரண்டு பச்சையையும் சேர்த்து வைத்துவிட்டு அரக்கைத் தனியே தள்ளினார்கள். கிழவரும் சரி, பள்ளிக்கூடப் பிள்ளையும் சரி, வாழைக்காய் வியாபாரியும் டீக்கடைக்காரரும்கூடச் சரி. எனக்கோ அரக்கும் பாசியும் ஒன்று. கிளிப்பச்சைதான் வெளிறிப்போய்த் தனியே நின்றது. நான் எத்தனை பேரைக் கேட்டேனோ அத்தனை பேரும் ஏதோ ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். இந்தப் பக்கம் நான் ஒருவன்தான்.

அதற்குள் நான் பயந்தது நடந்துவிட்டது. பெண்கள் இரண்டு பேரும் அவர்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போய்விட்ட நாளில், அப்பா ஏலத்தில் நிற்க, மாமா டீசல் போடப் போயிருக்க, கேரளா லோடை நானே பிரிக்க வேண்டியதாயிற்று. மாமா திரும்பி வந்தபோது அவசரம். பெட்டியெல்லாம் சணல் போட்டுக் கட்டி லாரியில் ஏறியிருந்தது. மறுநாள் கொல்லத்து வியாபாரி போனில் கூப்பிட்டார். "அண்ணாச்சி, நான் கேட்டது தக்காளியா சாறா?" பழத்தையெல்லாம் நான் செங்காய் என்று அனுப்பியிருக்கிறேன். பாதி வழியிலேயே பெட்டிகள் ஒழுக ஆரம்பித்துவிட்டனவாம்.

அப்பா அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. மார்க்கெட் நடுவில் நின்று, "வேணும்னே பண்ணுதான். ரயிலு கெடைக்கலன்னு எம்மேல காட்டுதான்" என்றார். அந்தக் கடை பெயர் கெட்டுப்போகாமல் இருக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். அப்பா, எனக்குத் தெரியவில்லை, சத்தியமாகத் தெரியவில்லை என்று கத்த வேண்டும் போலிருந்தது. சுற்றிலும் ஆட்கள். அவர்களில் சுரண்டைக்காரர்களும் உண்டு. கையிலிருந்த சணலைச் சுருட்டிக்கொண்டு நின்றேன்.

நேரில் போய் வியாபாரியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வா என்று அடுத்த லோடில் மாமாவோடு என்னை ஏற்றிவிட்டார்கள். கொல்லம் போய்த் தலையைக் குனிந்து நின்றுவிட்டு, ஆரியங்காவு ஏறி, புளியரை இறங்கித் திரும்பினோம். ஆடி மாதம், சாரல் அடித்துக்கொண்டிருந்தது. குற்றாலத்தில் ஒரு குளியல் போடாமல் மாமா வீட்டுக்குப் போனதாகச் சரித்திரம் இல்லை. லாரியை ஓரமாக நிறுத்தி, எண்ணெய் தேய்க்கிறவரைப் பிடித்து உச்சி முதல் உள்ளங்கால்வரை தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போனால், வெள்ளம். குளிக்கத் தடை. போலீஸ்காரர் விசில் ஊதிக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார். எண்ணெய் உடம்போடு வெள்ளைச் சட்டையைப் போடவும் முடியாது, குளிக்கவும் முடியாது. இடுப்பில் துண்டோடு மாமா லாரிக்குள் வந்து உட்கார்ந்தார். மழை வலுத்தது. கண்ணாடி எல்லாம் ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. எண்ணெய் வாடையும் தக்காளி வாடையுமாக இரண்டு பேரும் அடைபட்டுக் கிடந்தோம்.

சும்மா இருக்க முடியாமல் பையிலிருந்து அந்த மூன்று துண்டுகளை எடுத்து ஸ்டியரிங்குக்கு முன்னால் வைத்தேன். மாமாவிடம் முன்பு கேட்டபோதெல்லாம் சோலி இருக்கு என்று நழுவியிருக்கிறார். அன்று நழுவ இடமில்லை.

"மாமா, இதுல எது ரெண்டும் ஒண்ணுபோல இருக்கு?"

ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு துண்டை எடுத்துக் கட்டைவிரலால் தடவினார். காகிதத்தில் தடவி என்ன தெரியும்? பிறகு இரண்டைச் சேர்த்துத் தள்ளினார். "இது ரெண்டும் ஒண்ணுதான. இதெல்லாம் ஒரு கேள்வியா."

புரட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் புரட்டினேன். தங்கச்சியின் கையெழுத்து. அரக்கு, பாசிப்பச்சை.

"இத ஊர்ல பாதிப் பேருட்ட கேட்டுட்டேன் மாமா. ஒங்கள மாதிரி சொன்னது ஒரே ஒரு ஆளுதான்."

"யாரு?"

"நான்."

மாமா என்னைப் பார்க்கவில்லை. ஆவி படிந்த கண்ணாடியைத் துண்டு நுனியால் துடைத்தார். அது மறுபடி படிந்தது. எனக்கு எல்லாம் ஒரேயடியாகப் புரிந்தது. அந்தக் கட்டைவிரல், அந்த முகர்தல், எதோடும் பொருத்திப் பார்க்கத் தேவையில்லாத வெள்ளைச் சட்டை. இந்தப் பக்கம் நான் மட்டும் இல்லை என்று சந்தோஷம்தான் முதலில் வந்தது. அடுத்த நிமிஷமே கோபம் வந்தது.

"அப்பாட்ட ஒரு வார்த்த சொல்லுங்க மாமா. நீங்க சொன்னா நம்புவாவ. என்னைய அந்த எடத்துலருந்து எந்திரிக்க விடுவாவ."

"சொன்னா, ஒங்கப்பா என் வண்டில லோடு ஏத்துவாரா? வேற எவனாவது ஏத்துவானா?" குரலை உயர்த்தவே இல்லை. "சிக்னல்ல மேல எரிஞ்சா நிக்கேன், கீழ எரிஞ்சா போறேன். இன்னைக்கு வரைக்கும் வண்டில ஒரு கீறல் கெடையாது. லாரிதான் மருமவனே எனக்குச் சோறு."

"அப்போ யாருக்குமே தெரியாதா?"

"அக்காவுக்குத் தெரியும். சின்னதுலேருந்து எனக்குச் சட்ட எடுத்து வைக்கது அவதான. வெள்ளையே போட்டுக்கோ, ஒருத்தனும் கேக்க மாட்டான்னு சொன்னதே அவதான்."

வெளியே மழை தணிந்து, நீண்ட விசில் கேட்டது. தடையை எடுத்துவிட்டார்கள் போல. மாமா கதவைத் திறந்துகொண்டு இறங்கிச் சாரலில் நடந்தார். நான் போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அம்மாவுக்குத் தெரியும். அப்பா தக்காளியை நீட்டி என்னைப் பொய்யன் என்று சொன்னபோது, அடுப்படியில் நின்ற அம்மாவுக்கு நான் சொல்வது உண்மை என்று தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் அவளிடம் போய் நின்றேன். கேட்க வேண்டியதே இருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"மாமனச் சொன்னா அவன் பொழப்பு போவும். ஒன்னையச் சொன்னா இவ கல்யாணம் நின்னுரும். நான் யாரச் சொல்ல, யார மறைக்க?" என்றாள். "நீ கோவப்படு. கோவப்பட ஒனக்கு நியாயம் இருக்கு. ஆனா சொல்லிராத ராசா."

கோபப்பட்டேன். சொல்லவில்லை. மறுநாள் காலையில் போய்த் தக்காளிக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

ஆவணியில் கல்யாணம். எங்கள் வீடுகளில் தாய்மாமன் எடுக்கிற பட்டுக்குத் தனி மரியாதை. கல்யாணப் பெண்ணின் வீட்டுப் பெண்கள் யாரும் பந்தலுக்குமுன் அதைப் பார்க்கக் கூடாது. மாமன் தட்டில் வைத்து எல்லோர் முன்னிலையிலும் விரித்துக் காட்ட வேண்டும். என்ன நிறம் வேண்டும் என்று மட்டும் பெண் சொல்லி அனுப்பலாம். தங்கச்சி பாசிப்பச்சை என்றாள். அதற்கேற்ற ஜாக்கெட் துணியை முன்னதாகவே எடுத்துத் தைக்கவும் கொடுத்துவிட்டாள். மாமாவுக்கு மனைவி கிடையாது. துணைக்கு நான் போனேன். புறப்படும்போது அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "வாயத் தொறந்து கேளுங்க. பாசிப்பச்சைன்னு சொல்லுங்க."

தென்காசியில் கோயில் பக்கத்து ஜவுளிக்கடையில் முகூர்த்தக் கூட்டம். வாயைத் திறந்து கேட்டோம். கடைக்காரப் பையன் ஒரே கரை, ஒரே ஜரிகை, ஒரே வேலைப்பாடு உள்ள இரண்டு சேலைகளைப் போட்டான். "இது பாசி, இது அரக்கு அண்ணாச்சி." அதோடு முடித்திருக்கலாம். பக்கத்தில் சேலை எடுத்தவர்கள் எல்லோரும் வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வந்தார்கள். நாங்கள் மட்டும் அப்படியே வாங்கினால் யாராவது ஏதாவது நினைப்பார்களோ என்று மாமாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். இரண்டையும் அள்ளிக்கொண்டு வாசலுக்குப் போனார். நானும் போனேன். இரண்டு பேரும் வெளிச்சத்தில் வைத்துத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தோம். பெரிய ரசிகர்கள். யாரோ பையோடு இடித்துக்கொண்டு உள்ளே போக, மாமா சேலைகளை மார்போடு அணைத்து ஒதுங்கினார். மறுபடி பார்த்தபோது எது எது என்று அவருக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை. கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்க அது தக்காளி இல்லை.

உள்ளே போய், "பாசியைப் போடுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரும் சொல்லக்கூடிய வார்த்தை. ஆனால் நிறம் தெரிந்தவர்களுக்குத்தான் அது சாதாரணம். சொன்ன வார்த்தையும் கையில் இருக்கிற துணியும் வேறுபட்டால் மாட்டிக்கொள்வோம் என்று நிறத்தின் பெயரையே வாயில் எடுக்காமல் வாழப் பழகியவர்கள் நாங்கள். மாமா ஒரு சேலையை எடுத்துக் கெத்தாக நீட்டினார். "இதையே போடு." கடைக்காரப் பையன், "அப்போ இதுதானா அண்ணாச்சி?" என்று கேட்டான். வெளிச்சத்தில் பார்த்து மனம் மாறியவர்களை அவன் தினமும் பார்க்கிறான். "இதேதான்" என்றேன் நான். எங்கள் இரண்டு பேருக்கும் பாதிக்குப் பாதி நம்பிக்கை இருந்தது.

கல்யாணத்தன்று வீட்டு வாசலில் பந்தல். மாமா வெள்ளை வேட்டி சட்டையில், தேங்காய் பழத்துக்கு நடுவே பட்டை வைத்துத் தட்டைத் தூக்கி வந்தார். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சுற்றி நின்றார்கள். தங்கச்சி தைத்து வாங்கிய ஜாக்கெட்டைக் கையில் வைத்திருந்தாள். மாமா சேலையை விரித்தார். என் கண்ணுக்கு ஜாக்கெட்டும் சேலையும் அவ்வளவு பொருத்தமாக இருந்தன. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

ஆனால் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரோ வாயில் கை வைத்தார்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். தப்பு அங்கே எல்லோர் முன்னாலும் விரிந்து கிடந்தது. அது தெரியாதவர்கள் பந்தலிலேயே நாங்கள் இரண்டு பேர்தான். மாமா பின்வாங்கி என் பக்கத்தில் வந்து நின்றார். உதட்டை அசைக்காமல் கேட்டார்.

"மருமவனே, எல்லாரும் என்னலே பாக்காவ? அது என்ன கலரு?"

எத்தனையோ பேர் என்னிடம் கேட்ட கேள்வி. தெரியாமல் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

"தெரியல மாமா" என்றேன்.

அப்பா எங்களுக்குப் பின்னாலேயே நின்றிருந்தார். நான் கவனிக்கவில்லை. திரும்பியபோது அவர் என்னைப் பார்த்தார், மாமாவின் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார், மாமாவின் கட்டைவிரலைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒவ்வொன்றாக விளங்கிக்கொண்டு வந்தது. கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் குனிந்தார்.

"அரக்கு" என்றார் மெதுவாக. "அது அரக்கு. அவ கேட்டது பாசி. சட்ட பாசி, சேல அரக்கு. அதான் பாக்காவ."

என் ஆயுசில் எல்லோரும் என்னிடம் நிறத்தைக் கேட்டிருக்கிறார்கள். கேட்காமல் சொன்னவர் அவர்தான் முதல்.

பிறகு முன்னால் போய்ச் சத்தமாக, "நாந்தான் அரக்கு எடுக்கச் சொன்னேன். எங்க வீட்ல தாலி கட்டுக்கு அரக்குதான் வழக்கம்" என்று கூசாமல் பொய் சொன்னார். தங்கச்சி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எனக்குப் புடிச்சிருக்கு மாமா" என்று சேலையை வாங்கிக்கொண்டாள். தாலி ஏறியது.

மாமா கொஞ்ச நாளில் லாரியை விற்றுவிட்டார். அதனால்தான் இதை எழுத முடிகிறது. என் விஷயத்தை அப்பாவே ஊருக்குச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஊர் பேனா மூடியை நீட்ட ஆரம்பித்தது. ரயில் எனக்குக் கிடைக்கவில்லை, கடையிலிருந்து விடுதலையும் கிடைக்கவில்லை. தராசுப் பக்கம் மாற்றி உட்கார வைத்தார்கள், அவ்வளவுதான். பெட்டி தராசில் ஏறும்போதெல்லாம் அப்பா பக்கத்தில் வந்து, யாரிடமோ பேசுவதுபோல, "இது செங்காய், அது பழம்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

கல்யாண போட்டோ கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டு, ஜாக்கெட் மட்டும் பொருந்தவில்லையே என்பார்கள். மாமாவும் நானும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். எங்களுக்கு எல்லாம் பொருத்தமாகத்தான் இருக்கிறது.